வெளியே: இதை எழுதுபவன்

ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டையை அப்பாவின் மணிக்கட்டிலிருந்து வெட்டியெடுக்க அவள் மூன்றாவது தடவையாக முயன்றுகொண்டிருந்தாள். சமையலறைக் கத்தரிக்கோல் பால் பாக்கெட்டின் மூலையைத் தவிர வேறெதையும் வெட்டிப் பழகியதில்லை. பட்டை நசுங்கியதே தவிர அறுபடுவேனா என்றது. கை குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர்ச்சியைப் பற்றி மனசில் ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் தோன்றியது.

விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் போன உயிர். இப்போது மணி பதினொன்று. நடுவில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டாள், உறவுக்காரர்களுக்குச் சொன்னாள், டெப்போவுக்கும் சொன்னாள். பஸ் டெப்போவில் எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று டூட்டி போடுவதுதான் அவளுடைய வேலை. "லீவுக்கு என்ன காரணம்னு எழுதறது?" என்று எதிர்முனையில் கேட்டார்கள். "அப்பா இறந்துட்டார்" என்றாள். "அடடா" என்ற குரல், கொஞ்சம் பொறுத்து, "எத்தனை நாள்?" என்றது. பாவம், அவர்களுக்கும் வண்டி ஓடியாக வேண்டுமே.

பட்டை ஒருவழியாக அறுந்தபோது வாசலில் அப்பாவின் கால்பந்து கிளப் கேப்டன் நின்றிருந்தான். பகலில் கொரியர் டெலிவரி செய்கிறவன். தோள் பையோடே வந்துவிட்டான். உள்ளே வந்து, ஃப்ரீ கிக்குக்குச் சுவர் கட்டி நிற்கிறவன் மாதிரி இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு அப்பாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றான். கால்பந்துக்காரர்களுக்குத் துக்க வீட்டில் கையை எங்கே வைப்பதென்று வேறு தெரியாது.

"அக்கா, நாலு மணிக்கு மைதானம் வழியாத்தானே கொண்டு போறீங்க?"

"ஆமாப்பா."

"நம்ம வழக்கம் தெரியுமில்ல. அதுக்குத்தான் ஒண்ணு கேக்கணும்."

அவளுக்குத் தெரியும். கிளப்பில் ஆடியவர் யார் செத்தாலும் வண்டி மைதானத்து வாசலில் ஐந்து நிமிடம் நிற்கும். இப்போது ஆடுகிறவர்கள் ஜெர்ஸி போட்டுக்கொண்டு அவரவர் இடத்தில் போய் நிற்பார்கள். செத்தவர் எந்த இடத்தில் ஆடினாரோ அந்த இடம் மட்டும் காலி. அந்த இடத்து ஆள் கோட்டுக்கு வெளியே வந்துவிடுவான். ரெஃப்ரி ஒரு காகிதத்தைப் படிப்பார். இத்தனை வருஷம், இன்ன இடம், இத்தனை ஆட்டம். ஒரு விசில், ஒரு நிமிட மௌனம், இன்னொரு விசில். முடிந்தது. பிற்பாடு அந்த வரி கிளப்பின் வரலாற்று நோட்டில் ஏறிவிடும். இவ்வளவு காலமும் அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுத்து, நோட்டிலும் ஏற்றிவந்தவர் அப்பா. அவருக்கு எழுத ஆள் இல்லை.

"சாரோட ஆடினவங்க யாரும் இப்போ இல்லக்கா. சார் எந்த இடம்னு..."

"லெஃப்ட் பேக்" என்றான் அண்ணன். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "இதெல்லாம் ஒரு கேள்வியா? ரைட் விங்ல வர்றவன் எங்கப்பாவைப் பார்த்தாலே பந்தைத் திருப்பிப் பின்னால குடுத்துடுவான். கேட்டுப் பாரு."

யாரைக் கேட்பது? அதான் ஒருத்தரும் இல்லையே. ஆனால் அண்ணன் காலையிலிருந்து வருகிற போகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லும்போது முகம் தெளிகிறது. பள்ளிக்கூட டீமில் அதே இடம்தான் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கி, பத்தாவதில் முழங்காலை உடைத்துக்கொண்டவன் அவன். இன்றைக்கும் தன் டயர் கடைப் படியேறும்போது ஒரு கை சுவரைப் பிடித்துக்கொள்ளும். அதைக்கூட ஒரு பதக்கம் மாதிரிதான் வைத்திருக்கிறான்.

"நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்றான் கேப்டன். "எத்தனை ஆட்டம்னு மட்டும் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கக்கா. மூணரைக்குப் போன் பண்றேன்."

ஒரு வேலை கிடைத்ததில் அவளுக்கு நிம்மதிதான். அப்பாவின் அலமாரியில், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் சாமான்களுக்கு மேல் தட்டில், பழுப்பு அட்டை போட்ட ஆறு நீள நோட்டுகள் இருந்தன. எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய், வாஷிங் மெஷின் மேல் விரித்து வைத்து நின்றபடியே படித்தாள். அப்பாவின் ஸ்கேன் கவரைத் திருப்பிப்போட்டு 'அப்பா' என்று தலைப்பு எழுதி, ஒரு ஆட்டத்துக்கு ஒரு கோடு என்று போடத் தயாரானாள்.

'கிளப் தொடங்கிய அன்று ஒன்பது பேரே வந்திருந்தோம். பந்து இரவல்' என்று ஆரம்பித்திருந்தார். செங்கல் சூளைக்குப் பின்னால் முதல் மைதானம். கோல் கம்பத்துக்குத் தண்ணீர்க் குழாய். ஜெர்ஸிக்கு ஒரே அண்டாவில் சாயம் முக்கியிருக்கிறார்கள்; முதல் மழையில் ஆடியபோது சாயம் இறங்கி, எதிர் அணியும் நீலமாகி, யார் யார் ஆள் என்று தெரியாமல் ரெஃப்ரி ஆட்டத்தையே நிறுத்திவிட்டாராம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா செத்த அன்று சிரிக்கிறோமே என்று கதவைப் பார்த்தாள். பிறகு அதுவும் போய்விட்டது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி, எதிரணி, கோல், பதினொரு பேர். கீழே ஒரு வரி. முதல் பக்கத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை. பத்தாவது பக்கத்தில்தான் விரல் நின்றது.

'வெளியே: இதை எழுதுபவன்.'

முன்பக்கம் திருப்பினாள். வெளியே: இதை எழுதுபவன். பின்பக்கம். வெளியே: இதை எழுதுபவன். லெஃப்ட் பேக் இடத்தில் முதல் எட்டு வருஷம் ஒரு தச்சர். அதற்கப்புறம் ஒரு தபால்காரர். தபால்காரருக்குக் கல்யாணமான வாரம்கூட அவர்தான் ஆடியிருக்கிறார். மனுஷன் ஒரு நாள் காய்ச்சலில் படுக்கக்கூடாதா என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

அரைமணி நேரம் நின்று ஆறு நோட்டையும் புரட்டினாள். அப்பா அணியில் இருந்தது பதினேழு வருஷம், இருநூற்று ஆறு ஆட்டம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த வரி நீண்டிருந்தது. 'அரையிறுதி. ஐந்து நிமிடம் இருக்கையில் இதை எழுதுபவனைக் கூப்பிட்டார்கள். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டு கோட்டருகே நின்றான். அதற்குள் நம்மவர் கோல் போட்டுவிட்டார். ஆளை மாற்ற வேண்டாம் என்று முடிவாயிற்று. அருமையான கோல்.'

ஸ்கேன் கவரில் 'அப்பா' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு கோடுகூட விழவில்லை.

டெப்போவில் ஸ்பேர் டிரைவர்கள் உண்டு. யாராவது வராமல் போனால் வண்டி எடுக்க. முழு யூனிஃபார்மில் விடிகாலையில் வந்து உட்காருவார்கள். எல்லோரும் வந்துவிட்டால், கையெழுத்துப் போட்டுவிட்டு, "இன்னிக்கும் வண்டி இல்லையாம்மா?" என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் போய் அவர்கள் என்ன சொல்லிக்கொள்வார்கள் என்று அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அம்மா படுக்கையறையில் அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்தவைதான். பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா ஆடி நீ பார்த்திருக்கியா?"

அம்மா தலை நிமிரவில்லை. "கல்யாணமான புதுசுல ஒரு தடவை போனேன்."

"ம்."

"உக்காந்திருந்தாரு. என்னன்னு கேட்டேன். இன்னிக்குக் கால் வலி, அதான் இறங்கலைன்னாரு." ஒரு சட்டையின் கையை உள்ளே மடக்கினாள். "அதுக்கப்புறம் நான் போகலை. நான் போற அன்னிக்கெல்லாம் அவருக்குக் கால் வலிக்கணும், பாரு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவனுக்கு யாரு சொல்றது? நல்லாத்தானே இருந்தது கேக்கறதுக்கு. சாப்பிடும்போது உங்க ரெண்டு பேருக்கும் கதை. நீ வாயைத் திறப்பே, நான் ஊட்டிவிட்டுடுவேன்." அம்மா அந்தச் சட்டையை மற்றவற்றின் மேல் வைத்தாள். "நோட்டுல எப்படி எழுதியிருக்காரு?"

"உள்ளது உள்ளபடி."

அம்மா அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். "நெசமாவா?" என்றாள்.

அதுதான் அவளையும் பிடித்துக்கொண்டது. பழைய ஆள் ஒருத்தரும் உயிரோடு இல்லை. நோட்டை வேறு யாரும் தொடுவதும் இல்லை. நினைத்திருந்தால் நூறு ஆட்டத்தில் தன்னை லெஃப்ட் பேக்காகப் போட்டுக்கொண்டிருக்கலாம். ஏன் என்று கேட்க நாதியில்லை. வாயால் வீட்டில் அளந்த மனுஷன் தாளில் ஒரு தடவைகூட அளக்கவில்லை. இப்போது அந்த நோட்டில் ஏறப்போகிற வரியை அவள் சொல்ல வேண்டும். லெஃப்ட் பேக் என்று சொன்னால் அப்பா ஆயுசு முழுக்கக் காப்பாற்றியதை ஒரே வார்த்தையில் கெடுத்த மாதிரி. இல்லை என்று சொன்னால், ஊர் பார்க்க, மைதானத்து வாசலில், அண்ணனின் முகம். நொண்டிக்கொண்டு இத்தனை வருஷம் நடந்த அந்தக் காலுக்கு என்ன பதில்?

மூன்றரைக்குப் போன் வந்தது. கொல்லைப்பக்கம் போய்ப் பேசினாள்.

"எண்ணிட்டீங்களாக்கா?"

"எண்ணிட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "அவரு ஒரு ஆட்டம்கூட ஆடலைப்பா. பதினேழு வருஷமும் வெளியேதான். இருநூத்தி ஆறு ஆட்டத்துக்கும் வந்து உக்காந்திருக்காரு."

எதிர்முனையில் பைக்குகள் போகிற சத்தம் கேட்டது.

"அண்ணன் லெஃப்ட் பேக்னு..."

"அண்ணனுக்குத் தெரியாது. ஆனா நோட்டுல இல்லாததை எழுத வேண்டாம். அது அவரு எழுதின நோட்டு. மத்தது எப்படிச் செய்றதுன்னு எனக்குத் தெரியலை தம்பி. வழக்கத்தையே விட்டுடறதுன்னாலும் விட்டுடுங்க."

"சரிக்கா" என்றான். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான். அவன் என்ன புரிந்துகொண்டான், என்ன செய்யப்போகிறான், ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று பார்த்தால், வண்டி வந்துவிட்டது என்று உள்ளே சத்தம்.

வண்டியில் அப்பாவுக்கு ஒரு பக்கம் அம்மாவும் அவளும், எதிர்ப்பக்கம் அண்ணன். வழியெல்லாம் அண்ணன் டிரைவரிடம் மைதானத்துக்கு எந்தத் திருப்பம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவளுக்கு உடம்பு மரத்தாற்போல் இருந்தது.

வாசலில் நின்றதும் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே நீல ஜெர்ஸிகள் இடம் பார்த்து நின்றிருந்தன. அண்ணன் எட்டிப் பார்த்து, விரல் விட்டு எண்ணினான். இன்னொரு தரம் எண்ணினான்.

"என்னடி இது, பதினொரு பேரும் நிக்கறாங்க? லெஃப்ட் பேக்ல ஆள் நிக்கறானே!" ஒரு காலைக் கீழே வைத்துவிட்டான். "சொல்லித் தொலைச்சேனே காலையிலேயே..."

"உக்காருடா" என்றாள் அம்மா.

"இல்லம்மா, நீ பாரு..."

"உக்காரு."

ரெஃப்ரி காகிதத்தைப் பிரித்தார். அவர் குரல் அவ்வளவு பெரிசில்லை, காற்று வேறு. "பதினேழு வருஷம். இருநூத்தி ஆறு ஆட்டம். இருநூத்தி ஆறுக்கும் தயாரா வந்தவர்." மடித்தார். இடத்தைச் சொல்லவில்லை. அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அப்பாவின் மணிக்கட்டில் பட்டை விட்டுப்போன தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில் அடித்தது. மௌனத்துக்கு நிற்பார்கள் என்று பார்த்தால், கேப்டன் நடு மைதானத்திலிருந்து இடதுபக்கம் பார்த்துக் கையைத் தூக்கினான். லெஃப்ட் பேக், வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிற உயரமான ஆள், இடத்தைவிட்டுக் கோட்டை நோக்கி ஓடி வந்தான். அவசரமில்லாத ஓட்டம்; மாற்றிவிட்டார்கள் என்றால் ஆட்டக்காரர்கள் வருவார்களே, அப்படி. கோட்டருகே வந்ததும், உள்ளே இறங்குகிறவன் தட்டிவிட்டுப் போக உள்ளங்கையை முன்னால் நீட்டினான். எதிரே யாருமில்லை. ஒரு நொடி நீட்டியபடி நின்றுவிட்டு, கோட்டைத் தாண்டி வந்து தலையைக் குனிந்துகொண்டான்.

கேப்டன் காலி இடத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பின்னால் போ என்பது போல் கையைக் காட்டினான்.

அண்ணன் கீழே வைத்த காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டான். அம்மா முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

மைதானத்தில் பத்துப் பேர் அசையாமல் நின்றார்கள். ரெஃப்ரி சட்டைப் பையிலிருந்து குறிப்பு அட்டையை எடுத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆள் மாறிய நேரத்தைக் குறித்துக்கொண்டார்.