பெர்னர்ட் ஹோல்ராய்ட் வரி கேட்ட நாள்

1

இந்தக் கதை ஓர் அஞ்சலிக் கட்டுரையாகத் தொடங்கியது. ஆள் பிழைத்துக்கொண்டார்.

போன அக்டோபரில் ஆங்கில நடிகர் பெர்னர்ட் ஹோல்ராய்ட் தன் வீட்டு மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எண்பத்திரண்டு வயது. ஆபரேஷன் ஆனது, மறுவாரமே நெஞ்சில் சளி கட்டியது. சென்னைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் என்னிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தார். நானும் வெட்கமில்லாமல் எழுத உட்கார்ந்தேன். பாதி முடிந்திருந்தது. 'மறைந்தார்' என்ற சொல்லைக்கூடப் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் பாலின் போன் செய்தாள். முப்பது வருஷமாக அவருக்கு உடை தைப்பவள்.

"கோமி, உனக்கு ஒண்ணு தெரியுமா? கஸ்டர்டு கட்டி தட்டிப்போச்சுன்னு நர்ஸோட சண்டை போடறாரு மனுஷன். ரெண்டு கப் திருப்பி அனுப்பிட்டாராம்!"

அடுப்படியில் நின்று அழுதேன். அப்படியொரு நிம்மதி. பிறகு ஆசிரியருக்குச் சொன்னேன். "ஓ, ரொம்ப சந்தோஷம்" என்றார். குரலில் சந்தோஷத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மிஞ்சிய பாதிக் கட்டுரையை என்ன செய்வது? கதையாக்கிவிடலாம் என்று தோன்றியது. கதையில் ஆள் உயிரோடிருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

2

எப்படித் தொடங்குவது என்று நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

'ஹல் நகரத்து மீன் துறையில், உப்புக் காற்று முகத்தில் அறைய, பெட்டி தூக்கும் ஒரு தகப்பனுக்கு மகனாக…'

(வேண்டாம். நான் அங்கே இல்லை. உப்புக் காற்று எல்லார் கதையிலும் வீசுகிறது.)

'திரையில் அவர் முதன்முதலில் வந்தது பிணமாக.'

இது உண்மை. ஒரு துப்பறியும் படத்தில் கம்பளத்தின் மேல் குப்புறக் கிடந்தார். மூச்சு விட்டுவிட்டார் என்று ஒன்பது தடவை எடுத்தார்களாம். பிறகு பதினோரு வருஷம் போலீஸ்காரர். இரண்டாவது போலீஸ்காரர், மூன்றாவது போலீஸ்காரர், கதவைத் தட்டிவிட்டு மழையில் நிற்கும் போலீஸ்காரர். நாற்பது வயதுக்கு மேல் ஒரு படத்தில் கொலைகாரனாக வந்து, கேக் வெட்டியபடி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு இங்கே இங்கிலாந்தில் அவரைத் தெரியாத வீடு இல்லை. நீதிபதி, பாதிரியார், ஒற்றர், தாத்தா என்று வரிசையாக வந்தார். பேசியதெல்லாம் குறைவு. பார்த்ததுதான் அதிகம்.

அதற்குக் காரணம் உண்டு. திரைக்கதை கைக்கு வந்ததும் பென்சிலை எடுத்துத் தன் வசனத்தையே அடிப்பார். "இதை நான் கண்ணாலயே சொல்லிடுவேன்" என்பார். வேறு நடிகர்கள் கூடுதலாக இரண்டு வரி கேட்டு அழும் ஊரில் இவர் வரியைத் திருப்பிக் கொடுத்தார். மேதை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.*

* என் வேலை கன்டினியூட்டி. முன் ஷாட்டில் கோப்பை இடது கையில் இருந்ததா வலது கையிலா, பொத்தான் போட்டிருந்ததா என்று குறித்து வைப்பவள். நடிகருக்கு வசனம் மறந்தால் "லைன்!" என்று கத்துவார், கையில் பிரதியோடு இருக்கும் நான் எடுத்துக்கொடுப்பேன். பெர்னி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. என்னிடம் மட்டுமல்ல, ஐம்பது வருஷமாக எந்தப் படத்திலும் யாரிடமும் கேட்டதில்லை. அது அவருடைய கிரீடம்.

உண்மை இதுதான்: இருபத்தொன்பது வயதில் ஒரு நாடக மேடையில், நிறைந்த அரங்கத்தின் முன் வசனம் மறந்து நின்றிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒருநாள் நாற்பது விநாடி என்பார், இன்னொரு நாள் நான்கு நிமிடம். அதன்பிறகு மேடை ஏறவில்லை. வரியை அடித்தது மேதைமை இல்லை, பயம்.

3

இங்கே ஒரு சந்தேகம். இந்த மனிதரை நான் ரொம்ப நல்லவராக எழுதிக்கொண்டு போகிறேன்.

அவர் அப்படியொன்றும் நல்லவர் இல்லை. எதிரில் நடிப்பவர் உருகிப் பேசும்போது டீயில் ஸ்பூனைப் போட்டு மெதுவாகக் கலக்குவார். பார்க்கிறவர்கள் கண் ஸ்பூனுக்குப் போய்விடும். இது சின்ன அயோக்கியத்தனம். பெரியது ஒன்று உண்டு. படப்பிடிப்புச் சாமான்களுக்குப் பொறுப்பாளரான மெர்வின் சொன்னது. நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு படத்தில் சிரில் என்று ஒரு கிழ நடிகர். வசனம் மனதில் நிற்கவில்லை, திரும்பத் திரும்ப விட்டார். தயாரிப்பாளரிடம் போய் "அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொன்னவர் பெர்னி. மதியச் சாப்பாட்டுக்குள் சிரிலைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

தனக்கு வந்தால் தெரியும் தலைவலியும் காய்ச்சலும். தனக்கும் வந்தபோது, என்ன நடக்கும் என்று பெர்னிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காரை அழைத்தவரே அவர்தானே.

4

சரி, கதைக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன், கடலோர ஊரான ஸ்கார்பரோ பக்கம் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. பெர்னிக்கு ஓய்வுபெற்ற ரயில் கார்டு வேஷம். வீட்டை வாங்க வரும் பெண்ணிடம் தன் மனைவி ஈடித்தைப் பற்றிப் பேசுகிறார். நான்கு பக்கம், ஒரே ஷாட். பென்சிலோடு போனவரை இயக்குநர் இமோஜென் திருப்பி அனுப்பினாள்.

"ஒரு வார்த்தையும் அடிக்க மாட்டேன் பெர்னி. உங்க குரலுக்காகவே எழுதினது."

"என் குரல் அவ்வளவு நல்லா இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. டீ குடிக்கிறீங்களா?"

முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சொல்லைத் தேடி, கிடைக்காமல், இருமிவிட்டு வேறு சொல்லைப் போட்டார். 'சாவி' என்பதற்கு 'அந்தக் கதவு சமாச்சாரம்' என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? எழுபது தாண்டிய நடிகருக்கு இன்சூரன்ஸ் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. நான் எழுதும் தினசரி அறிக்கையில் ஒரு பிரதி அந்த இன்சூரன்ஸ்காரர்களுக்கும் போகும். 'நடிகருக்கு நினைவில்லை' என்று ஒரு வரி போதும், வாசலில் கார் வந்து நிற்கும்.

எனவே இந்த ஊர்க்காரர்கள் செய்வதைச் செய்தேன். எதையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, ஓசைப்படாமல் ஓர் உதவி. வசனத்தின் கடைசித் திருத்தத்தை நுணுக்கி எழுதி, மேசையில் அவர் பிரித்து வைத்திருக்கும் செய்தித்தாளுக்குள் ஒட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்வார், மானம் போகாது.

முப்பத்தொரு வருஷத்தில் நானும் நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

5

(இந்தப் பகுதியைக் கடலை வர்ணித்துத் தொடங்கியிருந்தேன். 'அன்று காலை கடல், யாரோ தேய்த்து வைத்த வெள்ளித் தட்டு…' வேண்டாம். நாங்கள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். கடலை யாரும் பார்க்கவில்லை.)

கேமரா ஓடியது. பெர்னி டீ ஊற்றக் குடுவையின் மூடியைத் திறந்தார். ஒரு கணம் மூடிக்குள் பார்த்தார். பிறகு அழகாக, ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னார்:

"ஈடித் மார்ச் மாசம் போயிட்டா. தூக்கத்துலயே. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

என் கையிலிருந்த மஞ்சள் பிரதியில் அப்படி இல்லை. அது வெள்ளைத்தாள் வசனம். எங்கள் தொழிலில் திரைக்கதை திருத்தப்படும்போதெல்லாம் அடுத்த நிறத் தாளில் வரும்: வெள்ளை, பிறகு நீலம், ரோஜா, மஞ்சள். பழையதையெல்லாம் வாங்கிக் கிழித்துப் போடுவது என் பொறுப்பு. வெள்ளை எப்படி இங்கே வந்தது?

அவர் சர்க்கரைக்குக் கை நீட்டினார். சட்டைக் கை மடிப்பு விலகியது. கண் அங்கே போனது.

"அந்தப் பல் டாக்டரோட போனவதான். ஒரு வார்த்தை சொல்லல. பெட்டிகூட எடுத்துக்கல."

ரோஜாத் தாள்! வீடு வாங்க வந்த பெண்ணாக நடித்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெர்னிக்கும் ஏதோ தட்டியது. புருவம் சுருங்கியது. தப்பிக்கச் செய்தித்தாளைத் தூக்கினார். அதற்குள் நான் இருந்தேன்.

"மெதுவா பேசும்மா," என்றார். "ஈடித் மேல தூங்கிட்டிருக்கா."

யாரும் 'கட்' சொல்லவில்லை. பெர்னி செய்தித்தாளைக் கீழே வைத்தார். குடுவை மூடியைத் திருப்பிப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"செத்தவ, ஓடிப்போனவ, மாடில தூங்கறா. யாருப்பா வச்சது இதையெல்லாம்?"

மெர்வின்தான் முதலில் கையைத் தூக்கினான். "மூடி நான், பெர்னி. பழைய பேப்பர்னு தெரியல, மன்னிச்சுக்கங்க."

"சட்டைக் கை நான்" என்றாள் பாலின். "ராத்திரி உக்காந்து தச்சேன்."

"பேப்பர் நான்" என்றேன்.

இமோஜென் கேமராவுக்குப் பின்னால் நின்ற பலகையின் மேல் போட்டிருந்த கோட்டை எடுத்தாள். அதிலும் வசனம். பெரிய எழுத்தில்.

ஆளாளுக்கு உப்புப் போட்ட குழம்பு. ஒருத்தர் இன்னொருத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பியிருக்கும். யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு மறதி என்று சொன்னதாகிவிடுமே.

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும் பெர்னி" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"முதல் வாரத்துலேர்ந்து" என்றாள் பாலின்.

"அடப் பாவிங்களா! ஆறு வாரமா நான் கண்ணை மூடல. குளிக்கும்போது ஈடித், நடக்கும்போது ஈடித். கார் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிச்சுக்குது. ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நீங்க சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

அவர் பாலினைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, மெர்வின் கைக்குட்டையை நீட்டினான், அதிலும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மூக்கைச் சிந்தினார். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருட்டு என்று நினைக்குமாம். எங்கள் வீட்டில் எல்லாப் பூனையும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

6

ஆனால் அறிக்கை பாக்கி இருந்தது. 'இழந்த நேரம்: ஒரு மணி பத்து நிமிடம். காரணம்:' அதற்கு எதிரே ஒரு கோடு.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. 'நடிகருக்கு வசனம் நினைவில்லை' என்று எழுதுகிறேன். உண்மை. கார் வருகிறது. பெர்னி அதில் ஏறும்போது சிரில் ஞாபகம் வருகிறது. (கணக்குச் சரியாகத் தீர்கிற முடிவு. இலக்கியக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்கு வயிறு எரிகிறது.)

ஆ. 'மின்தடை' என்று எழுதுகிறேன். (பொய். முப்பத்தொரு வருஷத்தில் அந்தத் தாளில் பொய் எழுதியதில்லை.)

இ. 'பழைய பிரதிகள் திரும்பப் பெறப்படவில்லை. பிழை: கன்டினியூட்டி.' இதுவும் உண்மை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. என் பெயரில் விழும் முதல் பிழை.

நடந்தது இ. பெர்னி என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார்.

"அது நீ இல்ல. என் பேரைப் போடு."

"பிரதியைத் திரும்ப வாங்காதது யாரு? நீங்களா?"

"உன் பேரு கெட்டுப்போகும் கோமி."

"கொஞ்சம் கெடட்டும். முப்பத்தொரு வருஷமா பொத்திப் பொத்தி வச்சு எனக்கும் அலுத்துப்போச்சு."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "சிரிலுக்கு ஒரு தங்கச்சி இருந்தா. உயிரோட இருந்தா ஒரு கடிதம் போடணும்." போட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்காதது நல்லதா கெட்டதா என்று இப்போதும் தெரியவில்லை.

7

மதியம் மறுபடி எடுத்தோம். மூடியில் ஒன்றுமில்லை, சட்டைக் கையில் ஒன்றுமில்லை. முதல் வாக்கியத்திலேயே நின்றார். 

"லைன்!" என்றார் பெர்னர்ட் ஹோல்ராய்ட்.

ஐம்பது வருஷத்தில் முதல் தடவை. எடுத்துக்கொடுத்தேன். சொன்னார். அடுத்ததற்கும் கேட்டார். நாலாவது வரிக்குமேல் வாயால் கேட்கக்கூட இல்லை, தலையை லேசாகச் சாய்த்தார். நான் சொன்னேன், அவர் கேட்டார், பிறகு பேசினார். நான்கு பக்கமும் இப்படியே. பயமில்லாமல் நடிக்கும் பெர்னியை அன்றுதான் பார்த்தேன். இமோஜென் அழுதுகொண்டே 'கட்' சொன்னாள்.

நேற்று போனில் இந்தக் கதையை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். தமிழ் அவருக்குத் தெரியாது.

"கடைசில நான் சாகறேனா?"

"இல்ல."

"நல்லது. அப்ப எப்படி முடிக்கப் போற?"

முடிக்கப்போவதில்லை. படம் வெளிவந்துவிட்டது. ஒலிக்கூடத்தில் என் குரலை மட்டும் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது திரையில் ஒரு கிழவர் தலையைச் சாய்க்கிறார், எதையோ கேட்கிறார், முகம் தெளிகிறது, பேசுகிறார். மறுபடி கேட்கிறார். மாடியில் மனைவி புரண்டு படுப்பதைக் கேட்கிறார் என்று விமர்சகர் ஒருவர் எழுதினார். செத்துப்போன மனைவி பேசுகிறாள் என்று இன்னொருவர். வேறொருத்தி தன் அம்மாவின் குரலையே கேட்டதாக எனக்குக் கடிதம் எழுதினாள். அந்த இடங்களில் என்ன சொன்னேன் என்பது என் பிரதியில் இருக்கிறது, காட்ட மாட்டேன். அவர் தலையைச் சாய்த்துக் காத்திருக்கும்போது, நீங்கள் யார் குரலை விரும்புகிறீர்களோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் கேட்டுக்கொள்வார்.