மூணு கோட்டிங்காரரின் கார்

பெயிண்டருக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் ‘மூணு கோட்டிங்’. மற்றவர்கள் இரண்டு கோட்டிங்கோடு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் மூன்றாவதும் அடித்தால்தான் ஏணியைவிட்டு இறங்குவார். வீட்டுக்காரர்கள் போதும், போதும் என்று கெஞ்சினாலும் காதில் வாங்க மாட்டார். சுவர் விஷயத்தில் யாரும் அவரை ஒரு குறை சொன்னதில்லை. அதனால் தன்மேல் ஒரு தப்பு இருக்கக்கூடும் என்ற நினைப்பே அந்த மனுஷனுக்கு மறந்துபோயிருந்தது.

அப்படிப்பட்டவர் இரண்டு மாதத்துக்கு முன்னால் தன் காரின் பானெட்டைத் திறந்து வைத்தார். காருக்கு வயது இருபத்தெட்டு. கூரைமேல் ஏணி, பின்சீட்டில் பெயிண்ட் டப்பா என்று அவர் தொழிலில் பாதியைச் சுமந்தது அதுதான். எஞ்சினைச் சுற்றியிருந்த தகரமெல்லாம் துருவும் பிசுக்குமாகக் கிடந்ததைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. போல்ட் போல்ட்டாகக் கழற்றி, தேய்த்து, நீலத்தில் மூன்று கோட்டிங் அடித்து மறுபடி மாட்டினார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, பானெட்டைத் தூக்கிக் காட்டினார். பொய் சொல்லக் கூடாது, பார்க்கவேண்டிய வேலைதான். அந்த நீலத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

மூன்று வாரம் கார் நன்றாக ஓடியது. அப்புறம் சண்டித்தனம் ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். மீட்டர் விளக்கெல்லாம் பளிச்சென்றுதான் எரியும், எஞ்சின் மட்டும் சுற்றாது. அவ்வளவுதான். சில நாள் பத்துத் தடவை திருப்பினால் கிளம்பும், சில நாள் தலைகீழாக நின்றாலும் கிளம்பாது. புது பாட்டரி வாங்கி மாட்டினார், டிக். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அங்கே மேஜையில் வைத்துக் கரண்ட் கொடுத்ததும் அது பம்பரமாகச் சுற்றியது. ஆசை ஆசையாகக் கொண்டுவந்து காரில் மாட்டினால், மறுபடியும் டிக்.

“இனி எஞ்சினைப் பிரிச்சாதான் தெரியும். இந்த வயசான வண்டிக்கு அது வேணுமா?” என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பதினாறு ‘டிக்’ ஆகியும் கார் அசையவில்லை. பெயிண்டர் கதவை அறைந்து சாத்தினார். அந்த நேரம் பார்த்து மனைவியின் அண்ணன் வந்து நின்றார்.

“மாப்ள, எனக்குத் தெரிஞ்ச பழைய இரும்புக்காரர் இருக்கார். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு லாரியோட வரச் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க மச்சான். கொண்டுபோய் நசுக்கட்டும்!”

கோபத்தில் விட்ட வார்த்தை. ஆனால் மூணு கோட்டிங் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான், அதைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. மணி ஒன்பதரை. பெயிண்டர் ஷெட்டில் நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நசுக்கப் போகிற காரை எதற்கய்யா துடைக்கிறாய் என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

மனைவி டீயோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஈசிஜி எடுப்பது அவள் வேலை. இந்த இரண்டு மாதத்தில் அவளுக்கு ஞாயிறு லீவு கிடைத்தது இன்றைக்குத்தான்.

“என்னங்க, நான் ஒரு தடவை பாக்கட்டுமா?”

“நீயா? மெக்கானிக்கே கையை விரிச்சுட்டாரு.”

“பதினோரு மணிக்கு இரும்புக்காரர் பாக்கத்தான் போறாரு. அதுக்கு முன்னாடி நான் பாத்தா என்ன குறைஞ்சிடப் போகுது?”

“பெயிண்ட்ல கீறல் விழாம பாத்துக்க” என்று மட்டும் சொல்லி, காரின் விளிம்பில் ஒரு பழைய போர்வையை விரித்துப் போட்டார்.

அவள் எதையும் தொடவில்லை. முதலில் கேள்விதான். புது பாட்டரியைச் சோதித்துப் பார்த்தாயிற்றா? மோட்டார் வெளியே சுற்றியதைக் கண்ணால் பார்த்தீர்களா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார்.

“எப்பலேருந்து இப்படி? அதுக்கு முன்னாடி வண்டில என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே. பெயிண்ட் அடிச்சேன், அவ்வளவுதான்.”

“ம்” என்றாள். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அந்த ‘ம்’மைப் பெயிண்டருக்கு நன்றாகத் தெரியும். அது வந்தால் எங்கேயோ வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

“பாட்டரி நல்லா இருக்கு. மோட்டாரும் நல்லா இருக்கு. அப்ப ரெண்டுக்கும் நடுவுலதான் ஏதோ தடுக்குது” என்றாள். “ஈசிஜில கோடு தாறுமாறா வந்தா நாங்க அலறி அடிச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட ஓட மாட்டோம். கிளிப்பைக் கழட்டி, தோலைத் துடைச்சு, திரும்ப ஒட்டிப் பாப்போம். பாதிப் பேருக்கு நெஞ்சுல ஒண்ணும் இருக்காது. பவுடரை அப்பிட்டு வந்திருப்பாங்க.”

இன்னொரு காரிலிருந்து கரண்ட் வாங்கும் கேபிள் டிக்கியில் கிடந்தது. அதில் ஒன்றை எடுத்து, ஒரு முனையை பாட்டரியின் மைனஸில் மாட்டினாள். மறுமுனையை எஞ்சினைத் தூக்குவதற்காக இருக்கும் வெறும் இரும்புக் கொக்கியில் கவ்வவிட்டாள்.

“போன கரண்ட் எஞ்சின் வழியா திரும்பி வரணும்ல? அதுக்கு ஒரு குறுக்கு வழி போட்டிருக்கேன். திருப்புங்க.”

பெயிண்டர் நம்பிக்கையில்லாமல் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கார் கிளம்பியது. அவள் அணைக்கச் சொல்லி, கேபிளை எடுத்துவிட்டு, மறுபடி திருப்பச் சொன்னாள். டிக். கேபிளை வைத்தாள், ஓடியது. மூன்று தடவை இப்படிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள். மூன்று கோட்டிங் அடிக்கும் மனிதருக்கு இந்தப் பொறுமை எப்பேர்ப்பட்டது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷம் இவளுடைய ஆஸ்பத்திரிக் கதைகளைத் தூங்கி வழிந்துகொண்டு கேட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

எஞ்சினிலிருந்து பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று வந்து கார் உடம்பில் ஒரு போல்ட்டுக்கு அடியில் முடிந்தது. பாட்டரியின் மைனஸ் வயரும் அதே உடம்பில்தான் முடிந்திருந்தது, கரண்ட் திரும்புகிற பாதை அது. அதன்மேல் விரல் வைத்து, “இதைக் கழட்டுங்க” என்றாள்.

கழற்றினார். பட்டைக்கு அடியில் பளபளவென்று நீலம். இரும்பு ஒரு பொட்டுக்கூட வெளியே தெரியவில்லை. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் கரண்ட் தப்பித்துப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, துருவேற அதுவும் நின்றுபோயிருக்கிறது.

பெயிண்டர் அந்த நீலத்தையே பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. பாட்டரியைத் திட்டினார், மோட்டாரைத் திட்டினார், காரையே நசுக்கச் சொன்னார். குற்றவாளி அவருடைய மூன்று கோட்டிங்.

மனைவி அவருடைய பையிலிருந்தே உப்புத்தாளை எடுத்து வந்தாள். “நான் தேய்க்கவா?”

“வேணாம், குடு” என்றார். தேய்த்தார். ஒரு நாணயம் அகலத்துக்கு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தார். பட்டையை வைத்து போல்ட்டை இறுக்கினார். துருப்பிடிக்காமல் இருக்க அவள் மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினாள். கேபிள் இல்லாமலே கார் ஒரே திருப்பில் உறுமிக்கொண்டு கிளம்பியது. பெயிண்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

சரியாகப் பதினோரு மணிக்கு லாரி வந்தது. இரும்புக்காரரும் மச்சானும் இறங்கியபோது பெயிண்டர் இன்னொரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தார், கார் கிளம்பியது.

“நல்லா ஓடற வண்டிக்கு எதுக்குய்யா என்னைக் கூப்பிட்டீங்க?” என்றார் இரும்புக்காரர்.

“என்ன மாப்ள, என்ன ஆச்சு?” என்றார் மச்சான்.

மனைவி முந்திக்கொண்டாள். “ஒரு வயர் லூசா இருந்துச்சுண்ணா. இவரு டைட் பண்ணிட்டாரு.”

பெயிண்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் டம்ளர்களை எடுப்பதுபோல் குனிந்துகொண்டாள். பேசாமல் இருந்தால் போதும், தெருவில் அவர் பெயருக்கு ஒரு கீறல் விழாது. அதைத்தான் அவள் காப்பாற்றிக் கையில் கொடுத்திருந்தாள்.

“வயரும் இல்ல, ஒண்ணும் இல்ல மச்சான்” என்றார். “கரண்ட் போற இடத்துல நான்தான் பெயிண்டை அடிச்சு மூடிட்டேன். மூணு கோட்டிங். கண்டுபிடிச்சது உங்க தங்கச்சி. அரை மணி நேரம்கூட ஆகலை.”

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று பெயிண்டருக்குத் தெரியும். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறமாதிரி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போதும் பெயிண்டர் போகிறவர் வருகிறவரை நிறுத்தி பானெட்டைத் தூக்கத்தான் செய்கிறார். எல்லாரும் நீலத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். “அதை விடுங்க, இங்க பாருங்க” என்று, அந்தப் பட்டையைச் சுற்றிப் பெயிண்ட் இல்லாத நாணயம் அகல இடத்தைத் தொட்டுக் காட்டுவார்.

“இது எங்க வீட்டம்மா பண்ண வேலை.”