சுருள் விழுந்த மத்தியானம்

லேத்தில் நிற்கிற எவனுக்கும் உலோகம் சுருள் சுருளாக விழுந்தால் சந்தோஷம். இந்தக் கடைசல்காரருக்கோ மாதக்கணக்கில் அந்தக் கொடுப்பினை இல்லை. காரணம், கட்டின மனைவியேதான். அதே பட்டறையில் உலை அவள் பொறுப்பு. உருகின அலுமினியத்தில் பீங்கான் பொடியைக் கொட்டி, சுழற்றிக் கலந்து, அவள் வார்த்துத் தரும் வளையத்தில் கை வைத்தால் போதும், வெட்டுகிற டூலின் முனை மொட்டை.

"அலுமினியம் கேட்டா அம்மிக்கல்லைக் குடுக்குறா" என்று அவர் புலம்பாத நாளில்லை.

"பிரேக்குல மாட்டுற சாமான் தேயாம இருக்க வேணாமா? உங்க டூலுக்காக வெண்ணெயிலயா செய்யறது?" என்பாள் அவள்.

அன்றைக்கு மட்டும் அவள் உலையை விட்டுத் திரும்பவே இல்லை. பொடி ஒரே சீராகக் கலக்கவில்லை என்று வாங்குகிறவர்கள் பழைய வளையங்களைத் திருப்பிவிட்டார்கள். மறுநாள் காலை கடைசியாக ஒரு தடவை பார்க்க வருகிறார்கள். அதிலும் தேறாவிட்டால் உலையைக் கழற்றிவிட்டு, அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவதாக முதலாளியம்மா கறாராகச் சொல்லியிருந்தார். உலையை விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

மத்தியானம் வார்த்த வளையம் ஆறியதும் கடைசல்காரர் அதை லேத்தில் மாட்டினார். டூல் பட்டதுதான் தாமதம், பளபளவென்று முழ நீளத்துக்குச் சுருள் விழுந்தது. அடடா, என்ன சுகம்!

"ஏம்மா, இங்க வந்து பாரேன்! வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது. இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு வார்த்திருக்க!"

அவள் வந்து சுருளைக் கையில் எடுத்தாள். முகம் செத்துப்போனது.

"பொடி உள்ள போகவே இல்லங்க. இது வெறும் அலுமினியம்."

உலையிலிருந்து ஒதுக்கிய கசடைக் கிளறினாள். பொடி அத்தனையும் அதில் கட்டி கட்டியாகக் கிடந்தது.

"நல்லா வறுபட்ட பொடிதான் உள்ள இறங்கும், பச்சைப் பொடி மேலயே மிதக்கும். ஆனா நான் விளக்கு அணைஞ்சப்புறம்தானே எடுத்துப் போட்டேன்? என் கைக்கு ராசியில்ல. நாளைக்கு வரைக்கும் எதுக்கு, இப்பவே உலையைக் கழட்டச் சொல்லிடறேன்."

விளக்கு என்றதும் கடைசல்காரர் மின்னடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பொடி வறுக்கும் மின்னடுப்பில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. வைத்த சூட்டை எட்டினால் அணையும். அவள் பொடித்தட்டை வைத்துவிட்டு நகர்ந்த கையோடு, இவர் தன் சாப்பாட்டு டப்பாவை உள்ளே தள்ளியிருந்தார். டப்பா கருகிவிடக் கூடாதே என்று சூட்டையும் அடியோடு குறைத்திருந்தார். சுடச்சுடச் சாப்பிட்டு ஏப்பம் விட்டவருக்குத் திரும்ப ஏற்றி வைக்க மறந்துபோயிற்று. அந்த அற்பச் சூட்டை எட்டியதும் விளக்கு சமர்த்தாக அணைந்துகொண்டது.

திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக நின்றார். அவளோ முதலாளியம்மா அறையை நோக்கி நடக்கிறாள்.

"நில்லு!" என்று கத்தினார். "முதல்ல அந்த அடுப்பைத் திறந்து மோந்து பாரு."

அவள் திறந்து மோந்தாள்.

"தாளிச்ச வாசம்." இன்னொரு தடவை மோந்தாள். "நான் காலையில தாளிச்சது!"

கடைசல்காரர் லேத்துக்குப் பின்னால் ஒளிந்தார். அவள் கையில் கரண்டி இருந்தது, உலைக் கரண்டி.

"என் பொழப்புல மண்ணைப் போட்டீங்களே! போடறதுதான் போட்டீங்க, வறுத்தாவது போட்டிருக்கக் கூடாதா?"

சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. கோளாறு தன் கையில் இல்லை என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதி.

மிச்சமிருந்தது ஒரே தட்டுப் பொடி. அது செக்கச் சிவக்கச் சூடாகும்வரை கடைசல்காரர் அடுப்பைக் காவல் காத்தார். ஈயைக்கூட அண்டவிடவில்லை. சாயங்காலம் புது வளையத்தை மாட்டினார். கிரீச்சென்று டூல் அலறியது. சுருள் இல்லை, நொய் நொய்யாகத் தூள்தான் கொட்டியது. முனை மொட்டை. வேறு டூல் போட்டு வளையத்தின் மறுபக்கம் பார்த்தார். அதுவும் மொட்டை.

"போச்சு! ரெண்டும் போச்சு! ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி டூலைத் திங்குது!" என்று அவர் சந்தோஷத்தில் குதித்த குதியில், யாருக்கோ கை போய்விட்டதென்று முதலாளியம்மா ஓடி வந்தார்.

காலையில் வந்தவர்கள் வளையத்தை அறுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். உலை இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று மத்தியானம் கடைசல்காரர் ஓர் ஓரமாக உட்கார்ந்து சில்லிட்ட சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சே, சூடு பண்ணித் தரட்டுங்களா?"

"ஐயோ தாயே, வேணாம்! ஆறினதுதான் உடம்புக்கு நல்லது."