பாதி ஷேவிங்

அன்று காலை டாக்சிக்காரரின் ஒரு கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு, கத்தியைக் கீழே வைத்துப் பின்பக்கம் போனார் அப்பா. அது நான்காவது முறை. நான் கடைத் துண்டுகளைப் பிழிந்தபடி கழிப்பறைக் கதவையே பார்த்தேன். வழக்கமாகச் சொட்டுச் சொட்டாகவாவது சத்தம் கேட்கும். அன்று அதுவும் இல்லை.

"அண்ணே, நீங்க வர்றதுக்குள்ள மழிச்ச பக்கமும் முளைச்சிடும்போல!" என்று டாக்சிக்காரர் கத்தினார்.

அப்பா வந்தார். நாற்காலியைச் சுற்றினார், உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி போனார். ஒரு வருடமாக இதே ஓட்டம். பெரியப்பாவும் இப்படியே ஓடிப் புற்றுநோயில் போனதிலிருந்து டாக்டர் என்றாலே அவருக்கு ஆகாது. "போனா அதேதான்னு சொல்லுவாங்க" என்பார்.

இந்தமுறை சுவரைப் பிடித்தபடி வந்தார். வியர்த்துக் கொட்டியது. "ஒரு சொட்டுகூட வரல பாப்பா. வயிறு வெடிச்சிடும்போல இருக்கு."

டாக்சிக்காரர் கழுத்துத் துணியோடும் பாதி நுரையோடும் வண்டியை எடுத்தார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டார். "ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"எதுவும் இல்லம்மா."

பவுடரும் முடித்தூளும் மூக்கில் ஏறினால் அப்பாவுக்குத் தும்மல் வரும். கையில் கத்தி, எதிரே அடுத்தவர் தொண்டை. அதற்காகத் தினமும் ஜலதோஷ மாத்திரை போடுவார். அது அவருக்கு மருந்தே இல்லை, சீப்பு கத்தரி மாதிரி.

அந்நியர் முன் எனக்குப் பேச்சு வராது. ஆனால் அப்பா படுக்கையில் நெளிந்துகொண்டிருந்தார்.

"ஜலதோஷ மாத்திரை," என்றேன். "தினமும். இன்னிக்கு ரெண்டு."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "அதான் அடைச்சுக்கிச்சு."

சிறுநீர்க் குழாய் வைத்துப் பை நிறைந்த பிறகுதான் அப்பாவின் கால்கள் ஓய்ந்தன. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுச் சொன்னார். "வயசானா ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற புராஸ்டேட் சுரப்பி பெருத்து நீர்ப்பாதையை நெருக்கும். நிறைய பேருக்கு வரும். அந்த மாத்திரை அதை இன்னும் இறுக்கிடும்."

"அண்ணனுக்கு வந்தது…"

"பெருத்துப்போறது வேற, புற்று வேற. தொட்டுப் பாத்ததுல சந்தேகமா எதுவும் இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு ரத்தமும் பாத்துடுவோம்."

அப்பா கண்ணை மூடினார். திறந்தபோது வாசலில் காய்ந்த நுரையோடு டாக்சிக்காரர் நின்றார்.

"பாப்பா, கத்தி எடுத்துட்டு வந்தியா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"படுங்கண்ணே! நர்சுங்க எல்லாம் என்னைத்தான் நோயாளின்னு நினைக்கிறாங்க."

ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. இப்போது தும்மல் வந்தால் அப்பா கத்தியை வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பித் தாராளமாகத் தும்முகிறார். நாற்காலியில் இருந்தபடி டாக்சிக்காரர் எண்ணுகிறார்.