குடம் நான்கு காசு

கொற்றியின் தலை போக இன்னும் ஆறு நாள்கள் இருந்தன. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஒன்றரை மணி நேரம். விளையாட்டுக்குள் ஒரு நாள் என்றால் வெளியே பதினைந்து நிமிடம் என்று இனியா சொல்லிவிட்டாள். அவள் கைபேசியில் டைமர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆரணி கொசப்பாளையத்தில் பாலுவின் வீட்டு மாடி அது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே அவன் குடும்பத்தின் விசைத்தறிகள் ஓய்ந்திருந்தன. இரண்டு வருடமாக ஞாயிறு மதியங்களில் அவர்கள் அங்கேதான் கூடினார்கள். பெங்களூரில் வேலை பார்த்தபோது இனியா கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு. ராஜ்யம், ஊர்கள், கொள்ளைக்காரர்கள் எல்லாம் அவள் நோட்டில் எழுதி வைத்தவை; கதையை நடத்துபவளும் அவள்தான். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாத்திரம் செத்தால் செத்ததுதான், அதன் தாளைக் கிழித்துவிடுவார்கள்.

கொற்றி, ஜெயப்ரியாவின் பாத்திரம். இரட்டைக் கோடரிக்காரி. போன வாரம் மலைக்கோட்டைக் கொள்ளையர்களிடம் மாட்டிக்கொண்டாள். மீட்க அறுநூறு வெள்ளிக்காசு கேட்டிருந்தார்கள். ஜெயப்ரியாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. அன்று மாலையே பஸ். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. மதியத்திலிருந்து அவள் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை.

"கைல நாப்பது காசுதான் கீது. மிச்சத்துக்கு வழி சொல்லுங்க, ஜல்தி," என்றான் பாலு. அவன் பாத்திரம் செம்பான், திருட்டும் வியாபாரமும் தெரிந்தவன்.

"போன மாசம் கொன்ன நாகத்தோட செதிலு இருக்குதே. அத வித்தா?" என்றாள் ஜெயப்ரியா.

"வாங்கறவன் தலைநகர்ல இருக்கான். போறதுக்கே எட்டு நாள் ஆவும்," என்றாள் இனியா.

"புதையல் வரைபடம்னு சொல்லி நாலஞ்சு பொய்ப்படம் விக்கறேன்."

"நீங்க இப்ப இருக்கற வெண்பாறை ஊர்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க மூணு பேரு, பாலு. அதுல ஒருத்தரு காவல்காரரு."

"மல்லுக்கட்டுப் பந்தயம் வச்சி டிக்கெட் போடலாம்," என்றான் அன்புச்செல்வன்.

"மல்லுக்கட்றவ யாரு? கொற்றி. அவளத்தான் மலைல கட்டிப் போட்டுருக்காங்களே!" என்றான் பாலு.

டைமர் அடித்தது. ஒரு நாள் போயிற்று.

அன்புச்செல்வன் சந்தவாசல் பக்கத்திலிருந்து பைக்கில் வருபவன். ஆரணியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவனும் பாலுவும் ஜெயப்ரியாவும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அவனுடைய பாத்திரம் மாரன் என்ற மந்திரவாதி. சண்டைக்கு உதவாத ஒரே ஒரு மந்திரம் மாரனுக்கு நன்றாக வரும்: வெறுங்கையிலிருந்து தண்ணீர் வரவழைப்பது. ஒரு நாளைக்கு ஐம்பது குடம்.

அதைத்தான் பாலு பிடித்துக்கொண்டான். காகிதத்தை இழுத்து வேகமாகக் கணக்குப் போட்டான்.

"வெண்பாறை காஞ்ச ஊரு. அன்பு தண்ணி வரவழைக்கறான், நான் விக்கறேன். குடம் மூணு காசு, ஒரு நாளைக்கு நூத்தம்பது. நாலு நாள்ல அறுநூறு! அஞ்சாவது நாளு கோட்டைக்குப் போயிரலாம்."

"ஊர்ல ஒரு கிணறு இருக்குது. தண்ணி கம்மி, வரிசைல நிக்கணும். ஆனா சும்மா கெடைக்குது," என்றாள் இனியா.

"தெரியும். அந்தக் கிணறு இல்லாம போனா?"

"இல்லாம போனான்னா?"

"செத்த நாய் ஒண்ணு உள்ள வுழுந்திச்சின்னு வையி. ஒரு வாரத்துக்கு எவனும் வாய வைக்க மாட்டான். யாருக்கும் தெரியாம செம்பான் போட்டுட்டு வந்துருவான்."

ஜெயப்ரியாவின் முகத்தில் அன்று முதல்முறையாக உயிர் வந்தது. "இது நடக்கும் இல்ல? நடக்கும்தானே இனியாக்கா?"

"நடக்கலாம்," என்றாள் இனியா. அவள் அன்புச்செல்வனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மாரனின் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"மாரன் தண்ணி வரவழைக்க மாட்டான்."

"இன்னா?"

"இதுக்கு மாட்டான்."

"டேய், வெறும் கேம்டா இது. நிஜக் கிணத்துலயா போடறோம்? பேஜார் பண்ணாத. ப்ரியாவுக்கு பஸ்ஸுக்கு நேரம் ஆவுது."

"வேற வழி பாப்போம்."

"இவ்ளோ நேரமா பாத்துகினுதான் கீறோம்! நீ இன்னா வழி சொன்ன?"

"அன்பு, ப்ளீஸ்," என்றாள் ஜெயப்ரியா. "எனக்காக."

அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். குரல் உயரவில்லை. "நான் ஏழாவது படிக்கும்போது எங்க காலனி மோட்டரோட ஃபியூஸ் கேரியர யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க. திருவிழால ஊருக்கும் காலனிக்கும் ஒரு சண்டை, அதுக்கப்புறம். பத்தொம்போது நாளு தண்ணி இல்ல. மூணாவது நாளு டிராக்டர்ல டேங்க் வந்துச்சி. குடம் அஞ்சு ரூபா. எங்கம்மாவுக்குக் களை எடுக்கற கூலில பாதி தண்ணிக்கே போச்சி. ஃபியூஸ எடுத்தவனும் டிராக்டர்காரனும் ஒரே ஆளுன்னு பின்னாடிதான் தெரிஞ்சிது."



பாலுவின் காது சிவந்துவிட்டது. "அத நானா பண்ணேன்?" என்றான். "எங்க வீட்ல யாராவது பண்ணாங்களா? எதுக்கு என்னைப் பாத்து சொல்ற?"

"உன்னைச் சொல்லல. மாரன் ஏன் மாட்டான்னு சொன்னேன்."

"சொன்ன மாதிரி இல்லையே! நான்தான் உங்கள—"

டைமர் அடித்தது. இரண்டாவது நாளும் போயிற்று.

பாலு காகிதத்தில் மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினான். பேனா முனை காகிதத்தைக் கிழித்தது. "இன்னும் மூணு நாளுதான் விக்க முடியும். குடம் நாலு காசு. அக்கா, செம்பான் கிளம்பறான். இருட்டினதும் நாயோட கிணத்துக்குப் போறான். தண்ணி தர்றதா வேணாமான்னு அப்புறம் மாரன் முடிவு பண்ணிக்கட்டும்."

"மாரன் கிணத்தடில நிக்கறான்," என்றான் அன்புச்செல்வன்.

இனியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் ஒருவர் பாத்திரத்தின் மேல் இன்னொருவர் பகடை போட்டதில்லை. "நிச்சயமாவா?" என்று கேட்டாள். இருவரும் பகடைக்குக் கை நீட்டினார்கள். "சரி. ரெண்டு பேரும் போடுங்க. பெரிய எண் வந்தவங்க நெனச்சது நடக்கும்."

அன்புச்செல்வனுக்கு விழுந்தது பதினொன்று. பாலு பகடையை உள்ளங்கையில் வெகுநேரம் உருட்டிவிட்டுப் போட்டான். பதினேழு.

"செம்பான் மதில் பக்கமா சுத்தி வந்துட்டான்," என்றாள் இனியா. "மாரன் திரும்பறதுக்குள்ள சத்தம் கேக்குது. உள்ள வுழுந்துடுச்சி."

பாலு நாற்காலியில் சாய்ந்தான். ஜெயித்தவனின் முகம் அவனுக்கு இல்லை.

இனியா எதையும் கூட்டிச் சொல்பவள் அல்ல. அப்போதும் அப்படியே சொன்னாள். "விடிஞ்சிடுச்சி. மொத ஆளா ஒரு கெழவி வர்றா. வாளிய இறக்கி இழுக்கறா. மோந்து பாக்கறா. பக்கத்துல அவ பேத்தி. அதுக்கு ஏற்கெனவே காய்ச்சல். கெழவி வாளிய கீழ வெச்சிட்டு உள்ள எட்டிப் பாக்கறா. பாலு, செம்பான் அங்கதான் கடை போட்டிருக்கான். அவ உங்கிட்ட வந்து குடம் எவ்வளோன்னு கேக்கறா. இன்னா சொல்ற?"

பாலு காகிதத்தில் தான் எழுதிய எண்ணைப் பார்த்தான். நாலு என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"மாரன் தண்ணி வரவழைக்கறான்," என்றான் அன்புச்செல்வன். "அம்பது குடமும். காசு வாங்கல."

"இன்னிக்கா?" என்றாள் இனியா.

"தெனமும்."

ஜெயப்ரியா எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அப்ப கொற்றி சாவட்டுமா? ரெண்டு வருஷம் அன்பு! நீங்க ரெண்டு பேரும் உங்க கோவத்த அவ தலைல எறக்கறீங்க. உங்க நியாயத்துக்கு நான் ஏன் அழுவணும்?" அவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். அதை மறைக்க ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

அவள் சொன்னது அன்புச்செல்வனுக்கு உறைத்தது. கிணற்றைப் பற்றி மட்டுமே நினைத்தவன் மலையில் கட்டுண்டு கிடப்பவளை மறந்திருந்தான். டைமர் அடித்தது. இன்னும் மூன்று நாள்தான்.

"அக்கா," என்றான் மெதுவாக. "மலைக்கோட்டைல தண்ணிக்கு இன்னா பண்றாங்க?"

இனியா நோட்டைப் புரட்டினாள். அங்கே ஏற்கெனவே எழுதியிருந்ததை அவளால் மாற்ற முடியாது. "சுனை வத்திப் போச்சி. கீழேர்ந்து கழுதை மேல ஏத்திகினு போறாங்க. இருநூறு பேருக்கு."

"அப்ப அவனுங்களுக்கு அறுநூறு காச விட அம்பது குடம் பெருசு. ரெண்டு நாளு ஊருக்குத் தண்ணி குடுத்துட்டு மாரன் கோட்டைக்குப் போறான். காசோட இல்ல. வியாபாரம் பேச."

ஜெயப்ரியா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

கடைசி நாள். இனியா கொள்ளையர் தலைவனாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "தண்ணி வரவழைக்கறவனா? நல்லது. அவள அவுத்து வுடறேன். நீ இங்கயே இரு. சாவற வரைக்கும்."

"இருக்க மாட்டேன். மாசத்துக்கு நாலு தரம் வர்றேன், உங்க தொட்டிய ரொப்பிட்டுப் போறேன். அதுக்குக் கூலி கொற்றியோட உசுரு. ஒரு வருஷம். அப்புறம் வேற கூலி பேசுவோம்."

"உன்னைப் புடிச்சி அடைச்சா இன்னா பண்ணுவ?"

"அடைச்சா மந்திரம் வராது. கட்டிப்போட்ட கையிலேர்ந்து ஒரு சொட்டு வராது."

அது பொய் என்று மேசையில் எல்லாருக்கும் தெரியும். இனியா தன் குரலுக்குத் திரும்பினாள். "அவன் நம்பணும்னா பதினஞ்சோ அதுக்கு மேலயோ வேணும். வரலன்னா ரெண்டு பேரும் உள்ள. டைமர்ல நாலு நிமிஷம் கீது."

அன்புச்செல்வன் பகடையை எடுத்தான்.

"இரு," என்றான் பாலு. அவன் இவ்வளவு நேரமும் கிழிந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "செம்பானும் கூட வந்திருக்கான். தலைவன் காதுல போய் சொல்றான்: இந்த ஆள அடைச்சி வெச்ச ராஜா ஒருத்தரு தாகத்துல செத்தாரு, நான் கண்ணால பாத்தேன்." இனியா பக்கம் திரும்பினான். "பொய் சொல்றதுல அவனுக்கு மூணு புள்ளி கூட இருக்குது. சேத்துக்கலாமா அக்கா?"

"சேத்துக்கலாம். பன்னண்டு வந்தா போதும்."

பகடை மேசை ஓரம் வரை உருண்டு போய் நின்றது. ஜெயப்ரியாதான் குனிந்து பார்த்தாள்.

"பதிமூணு," என்றாள். பிறகு சத்தமாக, "பதிமூணு!"

கொற்றியின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். அவள் ஒரு பிடி மண்ணை அள்ளித் தலைவன் முகத்தில் எறிந்துவிட்டு நடந்ததாக ஜெயப்ரியா சொன்னாள். அதற்குப் பகடை வேண்டாம் என்று இனியா விட்டுவிட்டாள். ஐந்தரைக்கு ஜெயப்ரியாவின் அண்ணன் வந்து ஹார்ன் அடித்தான். அவள் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இருவர் தலையிலும் ஆளுக்கொரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று பாலுவும் அன்புச்செல்வனும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு இனியா புதிய கதையோடு வந்தாள். வடக்கே ஒரு பாழடைந்த கோட்டை, நிறையப் புதையல்.

"அதுக்கு முன்னாடி கிணத்தச் சுத்தம் பண்ணணும்," என்றான் பாலு.

"பண்ணிட்டதா வெச்சிக்கலாம். ஒரு வரில முடிச்சிடறேன்."

"வாணாம். எப்படி இறைக்கறது, எத்தன ஆளு வேணும், ஒவ்வொண்ணா சொல்லு. செம்பான் இறங்கறான்."

மூன்று ஞாயிறு அதற்கே போயிற்று. ஒரு காசு வரவில்லை. ஓசூரிலிருந்து ஜெயப்ரியா கைபேசியில் வந்து, இதெல்லாம் ஒரு கதையா என்று திட்டிக்கொண்டே கொற்றியைக் கயிறு பிடிக்க வைத்தாள். மாரன் மேலேயிருந்து சேற்றுக் கூடைகளை வாங்கி வாங்கி ஓரமாகக் கொட்டினான்.