நீலக் குண்டுக்குச் சிவப்புக் கோடு

பிஸெர்ட் துறைமுகத்தில் ஜாஸியாவைத் தவிர வேறு யாராலும் அசைக்க முடியாத பீரங்கிக் குண்டு ஒன்று உண்டு. எடை இருபத்து மூன்று கிலோ. அவள் அதைத் தர்பூசணியைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறுவாள்.

அவள் கணவன் ஹம்தா, வலைகளில் சிக்கி வரும் குண்டுகளைக் கடற்படைக் கிடங்கில் அடையாளம் காண்பவன். உயிருள்ளதென்றால் சிவப்புக் கோடு. ஆழ்கடலில் இறக்கி வெடிக்கவைப்பார்கள். பயிற்சிக் குண்டென்றால் வெள்ளைக் கோடு. கதவுக்கு முட்டுக்கொடுக்க யாரும் எடுத்துப்போகலாம். இந்தக் குண்டில் ஐயத்துக்கே இடமில்லை. நீல வண்ணம், உடலில் குறுக்கே துளைத்த ஓட்டைகள், உள்ளே சிமெண்டு, அடியைச் சுற்றிய செப்பு வளையத்தில் பீரங்கியில் வைத்துச் சுட்டதற்கான கீறல் ஒன்றுகூட இல்லை. வெள்ளைக் கோடு போட்டு அவனே சுமந்து வந்தான். வாசலில் இறக்கியதும் மறுபடி தூக்க முடியவில்லை. ஜாஸியா தூக்கினாள். அவள் கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. அவன் தொட்டால் குளிர்ந்துவிடும்.

மூன்று வருடம் அவள் அதற்கு ஆலிவ் எண்ணெய் தடவினாள், பேசினாள். காபிக்கடையில் மீனவன் ஷத்லி கேட்பான். "ஹம்தா, நீ கோடு போட்டுக் கூட்டியாந்த மாப்பிள்ளை சௌக்கியமா? குறட்டைகூட விடுறதில்லையாமே. ஜாஸியா குடுத்துவச்சவ."

ஒருநாள் ஹம்தா கேட்டான். "என்கிட்ட பேசாதத அதுகிட்ட என்ன பேசுற?"

"அது பாதியில எந்திரிச்சுப் போறதில்லைங்க."

மறுநாள் அவன் வெள்ளையை அழித்துச் சிவப்பைப் போட்டான். கடற்படைப் படகு வந்தது. ஆறு மாலுமிகள் முக்கியும் குண்டு அசையவில்லை. ஜாஸியா அதைச் சால்வையில் சுற்றிக்கொண்டு போய்ப் படகில் உட்கார்ந்தாள்.

"வெடிய வைங்க," என்றாள் அதிகாரியிடம். "நான் கையை எடுக்க மாட்டேன்."

படகின் கயிற்றை அவிழ்க்கப் போனபோது ஹம்தா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான்.

"அது வெறும் சிமெண்டு ஐயா. பொய்யா எழுதிட்டேன்."

"ஏன்யா?"

"என் கை பட்டா சில்லுன்னு ஆயிடுது."

அதிகாரி அதையே காரணமாக எழுதினார். ஹம்தாவைக் கயிற்றுக் கிடங்குக்கு மாற்றினார்கள். அடையாளம் காணும் வேலை வேறொருவனுக்குப் போனது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்த பெண் அந்த வீட்டுக்கு மூன்று பேர் என்று எழுதிக்கொண்டு போனாள். மாலையில் ஜாஸியா தேநீரின் முதல் கோப்பையைக் குண்டின் முன் வைப்பாள். ஆறுவதற்குள் அது காலியாகிவிடும். பிறகுதான் ஹம்தாவுக்கு ஊற்றுவாள். அதுவரை அவன் எழுந்து போவதில்லை.