விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ஏரிக்கரை அரண்மனையைப் பழுதுபார்த்துத் திறக்கிறோம், விழா மலருக்கு 'மீள்திறன் கட்டடக்கலை' பற்றி ஒரு கட்டுரை தாருங்கள் என்றார்கள். மீள்திறன் என்றால் என்ன என்று கேட்டேன். "எவ்வளவு அடி விழுந்தாலும் அசையாம நிக்கிறது சார்" என்றார் சுற்றுலா இயக்குநர். அவர் தன் பதவியைச் சொல்கிறார் என்று எழுதினேன். கட்டுரை திரும்பி வந்தது. கையில் மிஞ்சியது இது.

2

முதல் தொடக்கம்: அந்தி வெயில் மேல்மாடத்தைப் பொன்னால் மெழுகி— வேண்டாம். பொன்னெல்லாம் மலருக்கு.

இரண்டாம் தொடக்கம்: பொறியாளர் ஏணியில் நிற்கிறாள். தலைக்கு மேலே, இருநூறு பேர் நின்று ஏரியைப் படம் எடுக்கும் மாடம். அதைத் தாங்கும் சுவரில் ஒரு விரிசல். இரண்டு வருடம் முன்பு உள்ளே கம்பி செலுத்திச் சுவரைப் பலப்படுத்தியபின், விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து அவளே ஒட்டினாள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாவிட்டால் சுவர் அடங்கிவிட்டது, மாடத்தைத் திறக்கலாம் என்று கையெழுத்துப் போடலாம். மாதாமாதம் அரண்மனையிலிருந்து வந்த படங்களில் கண்ணாடி முழுசு. இன்றும் முழுசு. ஆனால் இவ்வளவு பளபளப்பா?

கீழே அரண்மனைக் காவலாளி நின்றார்.

"அண்ணா, இதைத் துடைப்பீங்களா?"

"துடைக்கிறதாவது! உடைஞ்ச அன்னைக்கே மாத்திடுவேம்மா. இது பதினோராவது. நாலு பேர் வர்ற இடத்துல உடைஞ்ச கண்ணாடி இருந்தா நல்லாவா இருக்கு? கடைக்காரர்கூட, மீன்தொட்டி கட்டுறீங்களான்னு கேட்டார். நீங்க ஒட்டின மாதிரியே இருக்கா, பாருங்க."

அப்படியே இருந்தது. அதுதான் வினை.

3

(இந்தக் காவலாளிமேல் எனக்கே சந்தேகம்தான். இவ்வளவு பொறுப்பு ஓர் ஆளுக்கு ஆகுமா? ஒரு வரைவில் அவரைச் சோம்பேறியாக்கிப் பார்த்தேன். கண்ணாடி உடைந்தபடியே கிடந்தது, சுவர் பிழைத்தது, கதை செத்தது.*)

* கல்யாண வயதில் அவருக்கு ஒரு மகளைக் கொடுத்திருக்கலாம். உங்கள் கண் கலங்கும், விரிசல் அப்போதும் அசையும்.

4

இயக்குநர் படிவத்தோடு வந்தார். "நாளைக்குக் காலையில திறப்பு. போடுங்க மேடம்."

"சுவர் இன்னும் அசையுது சார்."

"கண்ணாடி கல்லு மாதிரி இருக்கு! அசையுதுன்னு யார் சொன்னா?"

அவள் காவலாளியைப் பார்த்தாள். சொன்னால் அவர் வேலை போகும். பேச்சைத் திருப்பினாள்:

"சரி சார், போடறேன். உங்க பேச்சை மட்டும் மாடத்துல வச்சுக்கோங்க. விருந்தாளிங்க எல்லாரோடயும்."

இயக்குநர் அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேல காத்து அதிகம். மைக்குக்கு ஆகாது. மேடையைப் புல்வெளியில போட்டுடலாம். பொதுமக்கள் ஏறட்டும்."

5

முடிவு அ: போடுகிறாள். ஒன்றும் ஆகவில்லை. (இதுதான் எனக்குப் பயம். அடுத்த வருடமும் போடுவாள்.)

முடிவு ஆ: போடவில்லை. 'காரணம்' என்ற கட்டத்தில் பதினோரு கண்ணாடியும், அவற்றை மாற்றிய கையும் வந்தே தீரும். நாளை வாசலில் வேறு காவலாளி.

முடிவு இ: விடிவதற்குள் சுவர் தானே விழுந்து எல்லோரையும் காப்பா— சுவரை நம்பிக் கதை எழுதக்கூடாது.

ஆக, படிவம் ஏணிப்படியில் இருக்கிறது. பேனாவை அவள் உங்களிடம் நீட்டுகிறாள். நாளை மேலே ஏறப்போகும் பொதுமக்கள் நீங்கள்தானே? ஏறி வந்து போடுங்கள். இல்லையென்றால், ஏன் போடவில்லை என்று காவலாளியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கீழேதான் நிற்கிறார், நீங்கள் விழுந்துவிடாதபடி ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.